கையெழுத்து யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1996-இல் தொடங்கிய ஹூண்டாய் மோட்டார் இந்தியாவுக்கு முதல் இந்திய நிர்வாக இயக்குநராகத் தருண் கார்க் 2026 ஜனவரி 1-இல் பொறுப்பேற்பதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகின. ஹிந்துஸ்தான் லீவரில் (இன்றைய ஹிந்துஸ்தான் யுனிலீவர்) பிரகாஷ் டாண்டன் 1961-லேயே முதல் இந்தியத் தலைவராகிவிட்டார். கொரிய, ஜப்பானிய மேலாளர்களை அனுப்பிவிட்டு உள்ளூர்க்காரர்களை அமர்த்த நினைக்கும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் உதிரிபாக நிறுவனங்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

செலவு மிச்சமாகும் என்பது உண்மைதான். வெளிநாட்டவருக்குக் கைக்கு இவ்வளவு என்று பேசி, வருமான வரியை நிறுவனமே கட்டுவது வழக்கம். அப்படிக் கட்டும் வரியும் சம்பளமாகக் கணக்காகும், அதற்கும் வரி. 30 சதவீத அடுக்கில் கூடுதலாக 70 ரூபாய் கையில் சேர, 100 ரூபாய்க்கு மேல் போகிறது. வீடு, கார், பள்ளிக் கட்டணம் தனி. வெளிநாட்டுத் தாய் நிறுவனம் இங்கே ஆள் அனுப்புவதும் சேவையே என்று ஒரு சேவை வரி வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, தாய் நிறுவனத்துக்குத் திருப்பித் தரும் சம்பளத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. கேட்டும் நோட்டீஸ் வந்தது.

சிக்கல் பதவி மாறிய பிறகுதான். ‘பிளான்ட் ஹெட்’ (ஆலைத் தலைவர்) நம்மவர்; பழைய மேலாளரோ ‘கோஆர்டினேட்டர்’ என்ற பெயரில் பக்கத்து அறையிலேயே இருப்பார். கொள்முதல் ஒப்புதல் அந்தக் கோஆர்டினேட்டர் வழியாகத்தான் போகும். தலைமையகத்தின் மின்னஞ்சல் கொரிய மொழியில் அவருக்கே வரும். சியோலில் காலை 9 மணிக் கூட்டத்துக்கு இங்கே 5.30-க்கு எழுந்து உட்கார்பவர் மட்டும் நம்மவர். தொழிற்சாலை மேலாளர் என்று அரசுக்குத் தந்திருப்பதும் நம்மவர் பெயரைத்தான். தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பவர் பிரஸ்ஸில் ஒரு தொழிலாளியின் விரல் போனால் வழக்கு அவர்மேல் வரும். கை உள்ளே போனால் இயந்திரத்தை நிறுத்தும் லைட் கர்ட்டன் வாங்கப் பணம் ஒதுக்கும் அதிகாரமோ அவரிடம் இருக்காது.

ஆகவே, பதவி அறிவிப்புக்கு முன்பே எவ்வளவு தொகைவரை புதிய தலைவர் தனியாக ஒப்புதல் தரலாம் என்பதை இயக்குநர் குழு எழுத்தில் தீர்மானிக்க வேண்டும். அதே வரம்பை நிறுவனக் கணக்கு, கொள்முதல் மென்பொருளான எஸ்.ஏ.பி.யிலும் ஏற்ற வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். வங்கிக் கையெழுத்தையும் உடனே மாற்றுங்கள். இயக்குநர் மாறினால் 30 நாட்களுக்குள் நிறுவனப் பதிவாளரிடம் டி.ஐ.ஆர்.-12 படிவம் தாக்கலாக வேண்டும். டை (பிரஸ்ஸில் பொருத்தும் அச்சு) பழுதுபார்த்த குறிப்புகள் பெரும்பாலும் வெளிநாட்டவரின் நோட்டில், அவர் மொழியில் இருக்கும். எந்த டையில் எத்தனை மில்லிமீட்டர் ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்பதை அவர் இருக்கும்போதே மொழிபெயர்த்து வாங்குங்கள். இருவரும் சேர்ந்திருக்கும் காலம் 6 மாதம் போதும். அதில் கடைசி 3 மாதம் பழையவருக்குக் கையெழுத்து உரிமை இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
உதிரிபாக நிறுவன மனிதவள மேலாளர்கள் சிலர்,
ஒரகடம்.