லிபராச்சிக்கு எழுதிய இசை கிண்டல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க இசையமைப்பாளர் மைக்கேல் டாஹெர்டியின் 'லெ தொம்போ த லிபராச்சி' ('லிபராச்சியின் கல்லறை') என்ற பியானோ கன்செர்ட்டோ (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தப் படைப்பைத் தமிழில் அறிமுகப்படுத்தியதற்கு முதலில் நன்றி. ஆனால், லிபராச்சி என்ற பகட்டான அமெரிக்கப் பியானோ கேளிக்கைக் கலைஞரைக் கிண்டல் செய்யும் இசை என்று கட்டுரையாளர் அதை முடித்துக்கட்டியிருப்பதை, பியானோ சொல்லிக்கொடுக்கும் ஒருத்தியாக என்னால் ஏற்க முடியவில்லை.

மறைந்த கலைஞருக்கு இசையாலேயே அஞ்சலி செலுத்தும் இந்தத் 'தொம்போ' வகை, 17ஆம் நூற்றாண்டிலிருந்தே பிரான்ஸில் இருக்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவெல், தனக்கு முந்தைய காலத்து இசையமைப்பாளரான கூப்பெரனின் பெயரில் எழுதிய பியானோத் தொகுப்பு இதில் மிகவும் புகழ்பெற்றது. அதன் பகுதிகளை முதல் உலகப் போரில் இறந்த நண்பர்களுக்குத்தான் அவர் காணிக்கையாக்கினார். ஆனாலும் அதில் ஒப்பாரி கிடையாது. ஃபோர்லான், ரிகோடோன், மினுவே என்று கூப்பெரன் காலத்து நடனங்களே வருகின்றன. 1996இல் டாஹெர்டி செய்ததும் இதைத்தான். கூப்பெரனுக்கு மினுவே என்றால் லிபராச்சியின் லாஸ் வேகஸ் மேடைக்கு ரும்பா நடனம். கடைசிப் பகுதிக்கு 'கேண்டலாப்ரா ரும்பா' என்றே பெயர். லிபராச்சியின் பியானோ மேல் எப்போதும் இருந்த மெழுகுவத்தித் தண்டைக் குறிப்பது அது. ரும்பா வருவதாலேயே இது கிண்டல் என்றால், ரவெலையும் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும். டாஹெர்டியின் தந்தை நடன இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அந்த உலகத்தை வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர் இல்லை டாஹெர்டி.

லிபராச்சியை வெறும் உடையலங்காரமாகக் காட்டியதும் சரியில்லை. விஸ்கான்சினில் 1919இல் பிறந்த அவர், பிரெஞ்சு ஹார்ன் வாசித்த தந்தையின் வீட்டில் வளர்ந்து முறையாகப் பியானோ பயின்றவர். 1940இல் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவுடன், 19ஆம் நூற்றாண்டுப் பியானோ மேதை லிஸ்ட்டின் இரண்டாவது கன்செர்ட்டோவை வாசித்திருக்கிறார். அது கை பழகாதவர்கள் தொடக்கூடியதல்ல. அந்த லிஸ்ட் மட்டும் என்னவாம்? அவர் வாசிப்பதைப் பார்த்து ஐரோப்பாவில் ரசிகைகள் கையுறைக்கும் கைக்குட்டைக்கும் அடித்துக்கொண்டார்கள். மேடைக் கவர்ச்சியும் தீவிர இசையும் ஒன்றுக்கொன்று ஆகாது என்பது பிற்பாடு வந்த நினைப்பு.

ஷோப்பின், சைக்கோவ்ஸ்கி போன்ற பெரிய இசையமைப்பாளர்களின் படைப்புகளை லிபராச்சி வெட்டிச் சுருக்கியது எனக்கும் வருத்தம்தான். என் மாணவர்கள் அப்படிச் செய்தால் விடமாட்டேன். ஆனால் 1950களில் பியானோ இசைக் கச்சேரிக்கு ஒரு நாளும் போயிராத எத்தனையோ அமெரிக்க வீடுகளுக்குள் தொலைக்காட்சி வழியாக ஷோப்பினைக் கொண்டுபோனவரும் அவர்தான்.

அப்புறம், கட்டுரை அவருடைய மரணத்தை 'நோயால் இறந்தார்' என்று இரண்டு சொற்களில் கடந்துவிட்டது. 1956இல் லண்டன் 'டெய்லி மிரர்' பத்தியாளர் ஒருவர் அவருடைய பாலியல் விருப்பத்தைக் குத்திக்காட்டி எழுதினார். லிபராச்சி வழக்குப் போட்டு, தான் தன்பாலின ஈர்ப்பாளர் இல்லை என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, 1959இல் 8,000 பவுண்டு இழப்பீடு பெற்றார். ஆண்களுக்கு இடையேயான உறவு பிரிட்டனில் சிறைக்கு அனுப்பும் குற்றமாக இருந்த காலம் அது. கடைசிவரை அவர் தன் பாலியல் விருப்பத்தை வெளிப்படையாகச் சொல்லவே இல்லை. 1987 பிப்ரவரியில் பாம் ஸ்பிரிங்ஸில் இறந்தபோதும் முதலில் வேறு காரணம்தான் சொன்னார்கள். எய்ட்ஸ் என்பதைப் பிரேதப் பரிசோதனைதான் வெளியே கொண்டுவந்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு கேட்டால், இரண்டாம் பகுதிக்கு வைத்திருக்கும் 'ஹவ் டூ ஐ லவ் தீ?' ('உன்னை நான் எப்படிக் காதலிக்கிறேன்?') என்ற தலைப்பில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வாழ்நாள் முழுக்கக் காதலை மறைத்து வைத்த ஒருவருக்குக் கேட்கிற கேள்வியாகத்தான் அது படுகிறது.

லாஸ் வேகஸில் 1979இல் திறந்த லிபராச்சி அருங்காட்சியகத்தையும் 2010இல் மூடிவிட்டார்கள். அவரைப் பற்றி எழுதுகிறவர்களிடம் கொஞ்சம் கூடுதல் கவனத்தை எதிர்பார்ப்பது தவறில்லை என்று நினைக்கிறேன். அடுத்த இதழ்களில் ஏதாவது ஒன்றில், இந்தக் கன்செர்ட்டோவை மேடையில் வாசித்த பியானோ கலைஞர் ஒருவரின் பேட்டியை வெளியிட வேண்டுகிறேன். அதோடு அந்த வழக்கைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பியானோ ஆசிரியை,
கோயம்புத்தூர்