ஜீப் முன்சக்கர பேரிங்: உளியை ஓரம் வையுங்கள்

ஆசிரியருக்கு,

நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல் பக்கம் ஓடும் பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்புகளில், மழைக்காலம் முடிந்ததும் முன்சக்கர பேரிங் ஊளையிடத் தொடங்கும். ஓடிச் சூடான ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) ஓடைத் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது, தேய்ந்த ஆயில் சீல் (கிரீஸைக் காக்கும் அடைப்பு வளையம்) வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கழற்றினால் கிரீஸ் மோர் போல வெளுத்திருக்கும்.

சக்கரம் ஆடினாலே பேரிங் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் முளை). இதைப் பார்க்காமல் பேரிங்குக்குச் செலவழித்தவர்கள் நிறைய.

ஒரு ஹப்புக்கு உள் பேரிங் ஒன்று, வெளி பேரிங் ஒன்று. ரோலர்கள் உள்ள கோனை மட்டும் மாற்றிவிட்டு, அவை உருளும் வெளிவளையமான பழைய கப்பை விட்டுவைப்பது வீண்வேலை. பழைய கப்பின் பள்ளம் புது ரோலரைத் தின்றுவிடும். இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஆயில் சீலும், நட்டு கழலாமல் பூட்டும் லாக் வாஷரும் ஒவ்வொரு முறையும் புதிது. கப்பைப் பித்தளைக் கம்பியால் எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றித் தட்டி இறக்குங்கள். ‘டிங்’ என்ற ஓசை ‘டக்’ என்று கனத்தால் கப் உட்கார்ந்துவிட்டது. ஸ்பிண்டில் (பேரிங் ஏறி நிற்கும் அச்சு) சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலோ, கோன் உட்காரும் இடம் தேய்ந்திருந்தாலோ அதையும் மாற்ற வேண்டும்.

பழைய கிரீஸைத் துளி விடாமல் கழுவித் துடைத்துவிடுங்கள். வகை மாறிய கிரீஸ்கள் கலந்தால் இளகி ஓடிவிடலாம். உள்ளங்கையில் எலுமிச்சம்பழ அளவு கிரீஸ் எடுத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, ரோலர் இடுக்கு வழியே மேலே பிதுங்கும்வரை ஏற்ற வேண்டும். மேலே பூசினால் போதாது.

பாழாவது பெரும்பாலும் பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் நட்டை முறுக்கும்போதுதான். உளி வைத்துத் தட்டி முறுக்கிய நட்டின் விளிம்பு எலி கடித்தது போல இருக்கும். எத்தனை இறுக்கம் என்று தட்டியவருக்கே தெரியாது. அதிகம் இறுகினால் பேரிங் வெந்து நீலமாகும். தளர்ந்தால் டிரம் ஆடும், சீல் கிழியும். இதற்கென்று பாக்ஸ் ஸ்பானர் இருக்கிறது. வில்லிஸ் என்ற பழைய அமெரிக்க ஜீப்பின் வழிவந்த வண்டிகளில், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டைச் சுமார் 50 அடி-பவுண்டு (முறுக்கு விசையின் அளவு) வரை முறுக்கி, பிறகு ஆறில் ஒரு பங்கு சுற்றுத் தளர்த்த வேண்டும். லாக் வாஷர் போட்டு, வெளி நட்டை முறுக்கியதும் ஆட்டத்தை மறுபடி பாருங்கள். வெளி நட்டு இறுகும்போது உள் நட்டும் சற்று நகரும். சரியாக இருந்தால் மட்டும் வாஷரை மடியுங்கள். ஹப்போடு சேர்ந்தே வரும் சீல் செய்த பேரிங் உள்ள புது வண்டிகளுக்கு இந்த முறை பொருந்தாது.

15 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், பிரேக் பிடித்துக்கொண்டில்லை என்று உறுதி செய்துகொண்டு, அன்றைக்கே அந்த நட்டைத் திரும்பப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஜீப் மெக்கானிக் ஒருவர், கூடலூர்