ரேடாரும் உன் அப்பாவின் மழைமானியும்

அன்புள்ள செல்வத்துக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் இரண்டு கடிதங்களுக்குப் பதில் போடாத என்னை நீ திட்டியது நியாயம்தான். ஆனால், ‘வயநாட்டுக்கு ரேடார் வருகிறதாம், அடுத்தது மூணாறுதான், இனி மண்சரிவு பயமில்லை’ என்று நீ எழுதியதைப் படித்தபின் இரவெல்லாம் தூக்கமில்லை.

ரேடார் மண்ணைப் பார்ப்பதில்லை, செல்வம். மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலுவைக் கொண்டு மழையளவைக் கணிக்கிறோம், அவ்வளவுதான். மண் எவ்வளவு நீரைக் குடித்திருக்கிறது என்பதை முந்தைய நாட்களின் மழையைக் கணக்கில் கொண்டே அறிய முடியும். ஜப்பானில் ரேடாரையும் மழைமானிகளையும் இணைத்து, ஒரு மணி நேர மழையோடு மண்ணில் தேங்கிய நீரின் குறியீட்டையும் பார்த்து, 2005 முதல் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறார்கள்.

நம் மலையின் சிக்கல் வேறு. கொச்சி ரேடாரின் தாழ்ந்த கற்றை அரைப் பாகை ஏற்றத்தில் கிளம்பினால், 90 கிலோமீட்டர் கடக்கும்போது சுமார் 1,250 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். மூணாறோ 1,500 மீட்டரில் இருக்கிறது. முன்மலைகள் அதை மறித்துவிடும். கற்றையை உயர்த்தினாலோ, சரிவை ஒட்டிய தாழ்மேகங்களில் திரளும் மழை அதற்குக் கீழேயே கொட்டித் தீர்த்துவிடும். பக்கத்திலேயே சிறிய ரேடார் வைத்தால் பள்ளத்தாக்கு தெரியும். ஆனால் அதன் 3 சென்டிமீட்டர் அலை கனமழைக்குள் வலுவிழப்பதால், முன்னால் பெய்யும் மழை பின்னால் பெய்வதை மறைத்துவிடும்.

அதனால்தான் உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். காலை எட்டரைக்கு ஆபீஸ் முற்றத்தில் மழைமானியின் புனலை எடுத்து வைத்துவிட்டு, நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்தி, ‘நிழல் விழுது, தள்ளி நில்லுங்கடா’ என்பாரே! அந்த அளவு ரேடார் கணக்கைத் திருத்த உதவும். ஆனால் நாளுக்கு ஒருமுறை எடுத்தால் போதாது. மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 அன்று மலை சரிந்து இறங்கியது இரவில்; 70 பேரைப் பறிகொடுத்தோம். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. எந்த எச்சரிக்கையும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கதவைத் தட்டும் ஓர் ஆளிடம் வந்து முடிய வேண்டும்.

பருவமழைக்கு முன் இரண்டு இளைஞர்களைப் பேசி வை. அடைமழை நாட்களில் இரவிலும் மணிக்கொருமுறை அளக்கட்டும். அம்மாவை ஓடைக்கரை லயத்திலிருந்து தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடு, அவர் மறுத்தாலும் சரி. மே கடைசியில் வருகிறேன். பழைய குவளை உடைந்திருந்தால் எழுது, புதிது வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
ராஜு