நிவாரணப் பணியில் தூதுரைப்போர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனிதநேய அமைப்புகளில் வேலை என்றதும் மருத்துவர், செவிலியர், பொறியாளர் ஆகியோரையே நினைக்கும் நம் மாணவர்களுக்கு, அங்கே அரசுறவு ஆலோசகர் என்றொரு பணி இருப்பதே தெரிவதில்லை. போர் நடக்கும் ஊருக்கு மருந்து வண்டி செல்ல வேண்டுமானால், சோதனைச் சாவடி எந்தத் தரப்பின் கையில் இருந்தாலும் அத்தரப்புடன் பேசி வழி பெற்றாக வேண்டும். எவர் பக்கமும் சாயாமல், இரகசியம் காத்து, போரில் காயமுற்றோரையும் கைதிகளையும் பொதுமக்களையும் காக்கும் 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளை முன்வைத்து அப்பேச்சுக்குக் களம் அமைப்பவரே இந்த ஆலோசகர். 1863இல் ஜெனீவாவில் தோன்றிய பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு, 1990இல் ஐ.நா. பொதுச் சபையில் பார்வையாளர் தகுதி (வாக்குரிமையின்றிக் கலந்துகொள்ளும் உரிமை) பெற்றது; அங்கும் இடைவிடாத உரையாடல்தான் அதன் வேலை.

இப்பணிக்குப் பிரெஞ்சு மொழி பெருந்துணை. புதுச்சேரியில் அதைக் கற்க வசதிக்குக் குறைவில்லை. 2004 சுனாமிக்குப் பின் கடலூர்க் கடற்கரையில் நிவாரணப் பணிகளை நேரில் கண்ட பகுதி நம்முடையது. எனவே, புதுவைப் பல்கலைக்கழகமும் கடலூர்க் கல்லூரிகளும் போர்க்கால நடத்தைக்கு வரம்பு விதிக்கும் பன்னாட்டு மனிதநேயச் சட்டத்தையும் பேச்சுவார்த்தைப் பயிற்சியையும் சேர்த்து ஒரு குறுகியகாலப் படிப்பைத் தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.