டன்னுக்கு ஒரு பென்னி: சுரங்க ஊர்களின் இளைஞர் மன்றங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிலக்கரிச் சுரங்கம் பற்றி நம் பத்திரிகைகளில் வருவதெல்லாம் நிலம் எடுப்பு, இழப்பீடு, வேலைவாய்ப்பு, நிலத்தடி நீர் இவைதான். வர வேண்டிய செய்திகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சுரங்கத்தை ஒட்டிய ஊரில் பதினைந்து பதினாறு வயதில் இருக்கும் பையனோ பெண்ணோ சாயங்காலம் ஆனால் எங்கே போய் உட்காருவது, யாரோடு சேர்ந்து எதைக் கற்றுக்கொள்வது என்று யாராவது எழுதி நான் பார்த்தது அபூர்வம். வேலை காரணமாகச் சில வருடங்கள் பிரிட்டனின் தெற்கு வேல்ஸில் இருந்தேன். அங்கே சுரங்க ஊர்கள் நூறு வருடங்களுக்கு முன்பே இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு பதிலும் கண்டிருக்கின்றன. கடலூர் மாவட்டத்து வாசகர்களாவது அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெர்த்தர் டிட்வில் நகரத்துக்குத் தெற்கே டிரெஹாரிஸ் என்று ஒரு ஊர். 1870களில் டீப் நேவிகேஷன் சுரங்கத்தைத் தோண்டியதால் உண்டான ஊர் அது. அந்தக் காலத்தில் தெற்கு வேல்ஸிலேயே மிக ஆழமான சுரங்கம். 1922-ல் அங்கே கேப்டன் கிளின் ஜோன்ஸ் என்பவர் ஒரு சிறுவர் மன்றம் தொடங்கினார். சுரங்கத்தை நடத்திய ஓஷன் நிலக்கரிக் கம்பெனியில் தொழிலாளர் நல அலுவலர் அவர். வேல்ஸின் முதல் சிறுவர் மன்றம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். சிறுவர் என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று நினைத்துவிடக் கூடாது. பதினாலு வயதில் பள்ளிப் படிப்பு முடியும், அடுத்த வாரமே அப்பாவோடும் அண்ணனோடும் சுரங்கத்துக்குள் இறங்கிவிடுவார்கள். கரி படிந்த உடம்போடு வீட்டுக்கு வந்து, அடுப்புக்கு முன்னால் வைத்த தகரத் தொட்டியில் குளித்து, அந்தத் தண்ணீரைச் சுடவைத்துக் கொடுத்தே அம்மாக்கள் ஓய்ந்துபோன காலம். (வேல்ஸில் சுரங்க வாசலிலேயே குளியல் அறைகள் கட்டியது இதே டீப் நேவிகேஷனில்தான் முதலில், 1916-ல்.) குளித்து முடித்த பையனுக்கு அதற்குப் பிறகு இடம் இல்லை. வீடு சின்னது, தெருவில் மழை, மதுக்கடைக்கு வயது போதாது. ஆக, ஒரு கூரையும் கொஞ்சம் வெளிச்சமும், குத்துச்சண்டை, கால்பந்து, பில்லியர்ட்ஸ், தச்சு வேலை, பாட்டு என்று ஏதாவது ஒன்றும், கூடவே அக்கறையுள்ள ஒரு பெரியவரும் இருந்தால் போதும், பையன்கள் திரண்டு வந்துவிடுவார்கள். 1928-ல் தெற்கு வேல்ஸ் சிறுவர் மன்றங்களின் கூட்டமைப்பே உருவாகிவிட்டது என்றால் தேவை எவ்வளவு இருந்திருக்கும் என்று பாருங்கள்.

சரி, இந்த மாதிரி வேலைகளுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். முதல் உலகப் போர் முடிந்ததும், சுரங்கத் தொழிலாளர்கள் படும் பாட்டை விசாரிக்க 1919-ல் சாங்கி ஆணையம் அமைந்தது. அடுத்த வருடமே ஒரு சட்டம் வந்தது. பிரிட்டனில் வெட்டி எடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் சுரங்க முதலாளி ஒரு பென்னி கட்ட வேண்டும், அது சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்குப் போகும். அப்போது ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. ஆண்டுக்கு ஏறத்தாழ 24 கோடி டன் வெட்டினார்கள். கணக்குப் போட்டால் வருடத்துக்குப் பத்து லட்சம் பவுண்டு! அந்தப் பணத்தில் கூடங்கள், விளையாட்டுத் திடல்கள், குளியல் அறைகள், தொழிலாளர் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி எல்லாம் வந்தன. எங்கே என்ன கட்டுவது என்று தீர்மானிக்கும் குழுக்களில் முதலாளிகள் பக்கம் எத்தனை பேரோ அத்தனை பேர் தொழிலாளர்கள் பக்கமும் இருந்தார்கள்.

முதலாளியின் தாராள மனம் என்று இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. 1921-ல் தொழிலாளர்களை உள்ளே விடாமல் முதலாளிகள் செய்த ஒரு கதவடைப்பு, 1926-ல் அதைவிடப் பெரிய கதவடைப்பு, மாதக்கணக்கில் குடும்பங்கள் பட்டினி. அதே கம்பெனிகள் பையன்களுக்கு மன்றம் நடத்தினால், தொழிற்சங்கத்தின் பக்கம் போகாமல் பிடித்துவைக்கவா என்று சந்தேகம் வருவது நியாயம்தான். தொழிலாளர்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை; கூலியில் பவுண்டுக்குச் சில காசு என்று தாங்களே பிடித்தம் செய்து ஊர் ஊராக மன்றக் கட்டடமும் நூலகமும் எழுப்பினார்கள். பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிய அனைரின் பெவன், டிரெடிகர் ஊரில் அப்படி ஒரு நூலகத்தில் படித்து வளர்ந்தவர், 1948-ல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இலவச மருத்துவத்தைக் கொண்டுவந்த அமைச்சர். முதலாளி தந்ததோ, தாங்களே கட்டியதோ, உள்ளே வந்து உட்கார்ந்த பையனுக்கு ஒரு நாற்காலியும் ஒரு புத்தகமும் கிடைத்ததே, எனக்கு அதுதான் பெரிது.

1930களில் மெர்த்தரில் வேலை இருந்தவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை. பத்தில் ஆறு பேருக்கு வேலை இல்லை. இரண்டு போர்களுக்கு இடையில் வேல்ஸை விட்டே வெளியேறியவர்கள் நாலு லட்சத்துக்கும் மேல். அந்தக் காலத்தில் வேலையில்லாதவர்களின் பிள்ளைகளைக் கடலோரத்தில் செயின்ட் ஆத்தன் முகாமுக்கு ஒரு வாரம் அழைத்துப்போய் நல்ல சாப்பாடும் கடல் காற்றும் கொடுத்தது இந்த மன்றங்கள்தான். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பெண் பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் பெரிதாக இல்லை. அதே சுரங்க ஊர்களிலிருந்து பதினாலு பதினைந்து வயதுப் பெண்கள் லண்டன் வீடுகளுக்கு வேலைக்காரிகளாக ரயிலேறிப் போனார்கள். அவர்களுக்கும் ஒரு கூடம் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இந்த வரலாற்றைப் படிக்க முடியவில்லை.

வேல்ஸோடு நிறுத்த மனம் வரவில்லை. வடக்கு இங்கிலாந்தில் டர்ஹம் பகுதியில் ஸ்பென்னிமூர் என்று ஒரு சுரங்க ஊர். 1931-ல் பில் ஃபாரல் என்பவர் பில்கிரிம் அறக்கட்டளை உதவியோடு அங்கே ஒரு காலிக் கடையை எடுத்து ஒரு மன்றம் தொடங்கினார். ஓவியம், நாடகம், தையல், செருப்புத் தைப்பது, புத்தகம் எல்லாம் அந்த ஒரே கூரைக்குக் கீழ். நார்மன் கார்னிஷ் என்ற பையன் பதினாலு வயதில் டீன் அண்ட் சாப்டர் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தான். விபத்துகள் அதிகம் என்பதால் ‘கசாப்புக் கடை’ என்றே ஊரில் பெயர் வாங்கிய சுரங்கம். பதினைந்து வயதில் இந்த மன்றத்தின் ஓவியக் குழுவுக்கு வந்தான். அப்புறம் முப்பது வருடத்துக்கும் மேல் சுரங்க வேலை பார்த்துக்கொண்டே, சுரங்கத்துக்கு நடந்து போகிறவர்களையும் மதுக்கடையில் சாய்ந்து நிற்கிறவர்களையும் வரைந்து தள்ளினார். 1966-ல் சுரங்கத்தை விட்டு முழுநேர ஓவியரானார், 2014 வரை வாழ்ந்தார். எழுத்தாளர் சிட் சாப்ளினும் அதே மன்றத்தில் உருவானவர், அவரும் டீன் அண்ட் சாப்டர்க்காரர்தான். 1939-ல் அங்கே திறந்த எவ்ரிமேன் தியேட்டர் இன்றும் இருக்கிறது. திறமை சுரங்கத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது, வெளியே வர ஒரு அறை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

பிற்பாடு 1947-ல் சுரங்கங்கள் அரசுடைமை ஆயின, 1960-ல் இளைஞர் நலப் பணிகளைப் பற்றிய ஆல்பமார்ல் அறிக்கை வந்த பிறகு அரசே இளைஞர் மையங்களுக்குப் பணம் போட்டது, பையன்களும் பெண்களும் சேர்ந்து வரும் மன்றங்கள் பெருகின. பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. டீப் நேவிகேஷன் 1991-ல் மூடியது. 2010-க்குப் பிறகு அரசுச் செலவைக் குறைத்தபோது இளைஞர் மையங்கள்தான் முதலில் அடிபட்டவற்றில் சேர்ந்தன. ஆனாலும் பல ஊர்களில் திடலும் கூடமும் இன்னும் நிற்கின்றன. காரணம் சாதாரணமானது: நல நிதியில் வாங்கிய அந்த இடங்களை அறக்கட்டளைப் பத்திரம் எழுதி ஊர் மக்களின் பயன்பாட்டுக்கென்று கட்டிவைத்திருந்தார்கள், கம்பெனி போனாலும் இடம் போகவில்லை.

பணமும் இடமும் யார் பெயரில் இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு டிரெஹாரிஸுக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1966 அக்டோபர் 21-ல் அபர்வேன் ஊரில் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்து 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். உலகம் முழுக்க மக்கள் அனுப்பிய உதவி நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை எடுத்து மிச்சமிருந்த மேடுகளை அகற்ற வைத்தது அன்றைய அரசு. அந்தத் தொகை 1997-ல்தான் திரும்பி வந்தது. படிக்கும்போது இப்போதும் கோபம் வருகிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நெய்வேலியில் 1961-ல் முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது, இன்றுவரை வெட்டிக்கொண்டிருக்கிறோம். நகரியத்துக்குள் விளையாட்டரங்கம், பள்ளிகள், பூங்கா எல்லாம் உண்டு. நான் கேட்பது சுரங்க விளிம்பில் இருக்கும் கிராமங்களுக்கு. நிலம் கொடுத்துவிட்டு வேறு இடத்தில் குடியேறியவர்களின் பிள்ளைகள், ஒப்பந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இருக்கும் கிராமங்களுக்கு. டன்னுக்கு ஒரு பென்னி மாதிரி ஒன்று நம்மிடமும் இருக்கிறது: 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி மாவட்ட கனிம அறக்கட்டளைகளை உருவாக்கினார்கள். வெட்டி எடுக்கும் கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் ராயல்டி போக, பழைய சுரங்கக் குத்தகை என்றால் அந்த ராயல்டியில் 30 சதவீதம், ஏலத்தில் எடுத்த புதிய குத்தகை என்றால் 10 சதவீதம் கூடுதலாக அந்த அறக்கட்டளைக்கு வர வேண்டும். கல்வி, பெண்கள் குழந்தைகள் நலம், திறன் பயிற்சி எல்லாம் அந்த நிதியின் முன்னுரிமைப் பட்டியலிலேயே இருக்கின்றன. குடிநீரும் ரோடும் முதலில் வேண்டும், மறுக்கவில்லை. அதோடு கூடவே, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு கிராமத்திலும் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை திறந்திருக்கும் ஒரு கூடம் வேண்டும். புத்தகம், கேரம், கபடித் திடல், பாட்டு, படம் வரைய இடம், போட்டித் தேர்வுக்குப் படிக்க நாலு மேசை, பெண் பிள்ளைகள் தயக்கமில்லாமல் வந்துபோக விளக்கும் கழிப்பறையும், சம்பளத்துக்கு ஒரு பொறுப்பாளர்.

மாவட்ட நிர்வாகம் இதை எடுத்துச் செய்தால் இரண்டு விஷயத்தை மட்டும் ஆரம்பத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களாக, அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். இடத்தின் பத்திரம் கிராமத்தின் பொது அறக்கட்டளை பெயரில் பதிவாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விருத்தாசலம்.