1.30 மணி வெயிலில் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள்

யாழ்ப்பாணத்துப் பாடசாலை அதிபர்களுக்கும் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு எந்தப் பாடசாலை அழைப்பிதழ் வந்தாலும் பெரும்பாலும் "பி.ப 1.30" என்றுதான் போட்டிருக்கிறது. நான் படித்த காலத்திலும் அதே நேரம்தான். மாசி, பங்குனியில் எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதே 12.20 அளவில்தான். நீங்கள் கொடியேற்றும்போது உச்சி கழிந்து ஒரு மணித்தியாலம் சொச்சம், மைதானத்து மண் அப்போதுதான் நன்றாகக் கொதிக்கத் தொடங்கியிருக்கும்.

போன வருடம் என் மகள் அணிநடையில் நின்றாள். பிரதம விருந்தினர் வரப் பிந்திவிட்டது, எப்படியும் முக்கால் மணித்தியாலம் இருக்கும், பிள்ளைகள் அவ்வளவு நேரமும் தடித்த சீருடையோடு அசையாமல் நின்றார்கள், நாங்கள் பந்தலுக்குள் இருந்து அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தோம். திடீரென்று சுருண்டு விழுந்தாள். வெள்ளைக் கையுறையைக் கழற்றினால் பிழிந்தெடுக்கலாம் போல வேர்வை. யாரோ ஓடிவந்து உள்ளங்கையில் குளுக்கோஸைக் கொட்டி நக்கச் சொன்னார். தண்ணீர் கேட்டேன், வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் பீப்பாயிலிருந்து ஒரு கப் வந்தது, தேத்தண்ணிச் சூடு.

ஓடின பிள்ளைகள் ஒருவரும் விழவில்லை, நின்ற பிள்ளைதான் விழுந்தாள். இதில் புதுமை ஒன்றுமில்லை. வெக்கைக்குத் தோலடி இரத்தக் குழாய்கள் விரிந்துவிடும், அசையாமல் நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கும், மூளைக்குப் போவது குறைந்து தலை சுற்றும். காலை அசைக்க விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் அணிநடையில் அசைந்தால் புள்ளி குறையுமாம்!

"நாங்களும் இந்த வெயிலில்தானே ஓடினோம்" என்று பழைய மாணவர்கள் சொல்வார்கள். அதைப் பந்தலுக்குள் இருந்துதான் சொல்வார்கள். 2024இல் வெயில் கடுமையானபோது பிள்ளைகளின் வெளி விளையாட்டுகளை மட்டுப்படுத்தச் சொன்னது கல்வி அமைச்சேதான். ஒவ்வொரு முறையும் கொழும்பிலிருந்து கடிதம் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

சரி, என்ன செய்யலாம்? தெரிவு ஓட்டங்களைக் காலை 6.30க்கு வையுங்கள், இறுதிப் போட்டிகளைப் பின்னேரம் வையுங்கள். பயிற்சியை முதல் நாளே முழு வேகத்தில் தொடங்காதீர்கள், உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். தண்ணீர்ப் பீப்பாயை வேப்பமர நிழலுக்குத் தள்ளுங்கள். வெறும் குளுக்கோஸ் தூள், தண்ணீரின் வேலையைச் செய்யாது. தேசிக்காய்த் தண்ணியில் உப்புப் போட்டுக் கொடுங்கள், மோர் கொடுங்கள், நிறைய வேர்த்த பிள்ளைக்கு ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்) கரைத்துக் கொடுங்கள், ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர், குறைக்க வேண்டாம்.

தலை சுற்றி விழுந்த பிள்ளை நிழலில் படுத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் எழும்பிவிடும். ஆனால் உடம்பு அனலாய்க் கொதித்து, பிள்ளை சம்பந்தமில்லாமல் கதைத்தால் அது வேறு கதை, உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை கழுத்து, கமக்கட்டு, தொடையிடுக்கு எல்லாம் நனைய நனையத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம், குளுக்கோஸும்தான்.

பிரதம விருந்தினர் பிந்தினால் அணிநடையை நிழலில் இருத்திவிடுங்கள். அவர் கோபிக்க மாட்டார், கோபித்தாலும் பரவாயில்லை.

இந்த வருட அழைப்பிதழ் இன்னும் அச்சகத்துக்குப் போகவில்லையென்றால் அந்த 1.30ஐ வெட்டி 3.30 என்று எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் கடந்த ஒரு அப்பா