பச்சைப் பைக்குள் வைத்த தாள்

அன்புத் தம்பிக்கு,

வாட்ஸ்அப்பில் எழுதினால் அம்மா கண்ணில் பட்டுவிடும். அதனால் தாளில் எழுதி, பச்சைப் பைக்குள் காலுறைகளுக்கு அடியில் வைக்கிறேன். கோடாலித் தைலமும் இரண்டு போத்தல் வைத்திருக்கிறேன். தண்ணீர் நிறையக் குடி.

வியாழக்கிழமை தேக்கா சந்தையில் தேசிய சேவை ராணுவப் பயிற்சியில் உன் செக்ஷனில் இருக்கும் பையனின் தாயார் என்னை நிறுத்தினார். மூட்டையோடு நெடுந்தூரம் நடக்கும் ரூட் மார்ச்சில் அவர் மகன் சுருண்டு விழப் பார்த்தானாம். கடைசிவரை அவன் மூட்டையையும் சேர்த்து நீதான் சுமந்தாயாம். "நல்லா வளர்த்திருக்கீங்க" என்றார். மீன் பையிலிருந்து தண்ணீர் செருப்பில் சொட்டுகிறது, நான் அப்படியே நிற்கிறேன். பெருமைதான். ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? சாப்பாடு எப்படி என்றால் "ஓகேப்பா". தூக்கம் எப்படி என்றால் அதற்கும் "ஓகேப்பா".

இன்று காலை நீ தூங்கும்போது புக்கிட் சாண்டுவுக்குப் போய்வந்தேன். நீ நாலாம் வகுப்பில் மூச்சுவாங்க ஏறினாயே, பெப்பிஸ் ரோட்டு மேடு, அந்தப் பழைய பங்களா. அங்கே சண்டை நடந்தது 1942 பிப்ரவரி 14, சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுவதற்கு முந்தைய நாள். பஞ்சாபிச் சிப்பாய் வேடத்தில் ஜப்பானியர் மேடேறி வந்தார்கள். வெள்ளைக்காரன் படை மூன்று மூன்றாக நடக்கும், இவர்கள் நாலு நாலாக வந்தார்கள். மலாய் ரெஜிமென்ட் லெஃப்டினன்ட் அட்னான் சைடி அதை வைத்தே கண்டுபிடித்துச் சுடச்சொன்னார். பிறகு பெரும்படையே வந்தது. குண்டு தீர்ந்தும் அவருடைய பையன்கள் கைகலப்பில் நின்றார்கள். அட்னானுக்கு 26 வயது. வீட்டில் மனைவி, சின்னப் பிள்ளைகள்.

"அவர் ஏன்ப்பா ஓடிப்போகல?" என்று அன்றைக்கு நீ கேட்டாய். ஐஸ்கிரீம் வாங்கித் தந்து மழுப்பினேன்.

எனக்கும் காலைப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரியும், தம்பி. நேற்று நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் வலது காலையே முதலில் வைத்து இறங்கினாய்.

அம்மாவிடம் சொல்லவில்லை. தண்ணீர் குடி. முகாம் டாக்டர் எம்.ஓ.விடம் முட்டியைக் காட்டு. உடம்பு சரியில்லை என்று ரிப்போர்ட் சிக் போட்டால் கேலி செய்வார்கள் என்று பயப்படாதே. மூட்டை சுமந்தவனை எவன் கேலி செய்வான்?

என் நண்பன் கண்ணாடி மாமாவும் நானும் அந்தக் காலத்தில் தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமில் ஜோடி என்பது உனக்குத் தெரியும். சொல்லாதது ஒன்று இருக்கிறது. ஒரு ராத்திரி நடையில் அவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. "டேய், ரைஃபிளை மட்டும் கொஞ்சம் பிடிடா" என்றான். எனக்குக் கேட்டது, தெளிவாகக் கேட்டது. கேட்காத மாதிரி நடையை எட்டிப் போட்டேன். நான் தூங்கப் போன பிறகுதான் அவன் நொண்டிக்கொண்டே வந்துசேர்ந்தான், கடைசி ஆளாக. இன்றைக்கும் தோ பாயோ காப்பிக்கடையில் பார்த்தால் காசு அவன்தான் கொடுப்பான். அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க முப்பது வருடமாக எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்த அம்மா "நல்லா வளர்த்திருக்கீங்க" என்றபோது எனக்குக் கண்ணாடி மாமா முகம்தான் வந்தது. நீ இதை என்னிடம் கற்றிருக்க முடியாது.

எம்.ஓ.விடம் காட்டு. அடுத்த சனிக்கிழமை நீ முகாமிலிருந்து வரும்போது பாசிர் ரிஸ்ஸில் நிற்பேன். டாக்சியில் வரலாம், படி ஏற வேண்டாம்.

அப்பா